வித்யாசாகரின் மாதக் கணக்கு

சம்பளம் வாங்கிய மூன்றாம் நாளே கை வற்றிப்போகிறது, இதில் தானமாவது தர்மமாவது என்று சலித்துக்கொள்ளும் மாதச் சம்பளக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவர் ஈசுவர சந்திர வித்யாசாகர். விதவை மறுமணச் சட்டத்துக்காகப் போராடியவர் என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரி படித்ததோடு பலர் அவரை மறந்துவிட்டார்கள். வங்காளிகள் மறக்கவில்லை. கல்விக்கடல் என்ற பட்டத்தோடு கருணைக்கடல் என்றும் அவரைச் சொல்வார்கள். இத்தனைக்கும் அவர் ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை அல்ல. மாதம் இரண்டு ரூபாய்க்கு உழைத்தவரின் மகன்.

பொரிக்கடை அம்மாள்

அந்த இரண்டு ரூபாய்க் கதையை முதலில் சொல்லியாக வேண்டும்.

வித்யாசாகரின் தந்தை பெயர் தாகூர்தாஸ். மேதினிப்பூர்ப் பக்கத்தில் பீர்சிங்கா என்ற கிராமம். வீட்டில் வறுமை. தாயார் துர்க்காதேவி ராட்டையில் நூல் நூற்று, அந்தக் காசில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினார். இதைக் காணப் பொறுக்காத தாகூர்தாஸ், மீசை அரும்பாத வயதில் பிழைப்புத் தேடிக் கல்கத்தா புறப்பட்டார். நாலு எழுத்து ஆங்கிலம் தெரிந்தால் வெள்ளைக்காரர் கம்பெனிகளில் வேலை கிடைக்கும் என்றார்கள். ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவருக்கோ மாலையில்தான் ஓய்வு. பாடம் முடிந்து திரும்புவதற்குள், அவர் ஒண்டியிருந்த வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்து அடுப்பை அணைத்திருப்பார்கள். பல இரவுகள் பட்டினி.

வேறு இடம் மாறினார். அங்கே வீட்டுக்காரருக்கே சில நாள் சோறில்லை. கையிலிருந்த பித்தளைத் தட்டையும் சொம்பையும் விற்றுவிடலாம் என்று பாத்திரக் கடைகளுக்கு எடுத்துப்போனார். முன்பின் தெரியாத பையனிடம் பழைய பாத்திரம் வாங்கினால் வம்பு வரும் என்று கடைக்காரர்கள் கை விரித்துவிட்டார்கள்.

அப்படி ஒரு நாள், பசியை மறக்கத் தெருத் தெருவாக நடந்தவர், நடக்க முடியாமல் ஒரு பொரிக்கடை முன்னால் நின்றார். கடையில் இருந்தவர் ஒரு விதவை அம்மாள். பையன் தண்ணீர் கேட்டான். அந்த அம்மாள் வெறும் தண்ணீர் கொடுக்க மனமின்றி, வெல்லப்பாகுப் பொரியையும் கொடுத்தார். அவன் தின்ற வேகத்தைப் பார்த்து விஷயம் புரிந்துகொண்டார். பக்கத்தில் தயிர் வாங்கி வந்து வயிறு நிறையச் சாப்பிட வைத்தார். சாப்பாடு கிடைக்காத நாளில் எல்லாம் இங்கேயே வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த அம்மாள் பெரிய வியாபாரி அல்ல. ஒரு கூடைப் பொரிதான் முதல். இந்தச் சம்பவத்தைத் தந்தை வாயால் கேட்ட வித்யாசாகர், தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கியபோது அதை விரிவாகவே எழுதி வைத்தார். பெண் குலத்தின் மீது தமக்கு ஏற்பட்ட மரியாதைக்கு இது ஒரு காரணம் என்றும் கருதினார்.

பிறகு தாகூர்தாசுக்கு வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் இரண்டு ரூபாய். அந்த இரண்டு ரூபாயும் ஊருக்குத் தாயாரிடம் போனது. அப்போது மணியார்டர் கிடையாது. அது 1880-ல்தான் வந்தது. ஊருக்குப் போகிற ஆளிடம் கொடுத்தனுப்ப வேண்டியதுதான். தாம் எப்போதும் போல அரை வயிற்றோடு இருந்துகொண்டார். சம்பளம் ஐந்தாகி, எட்டாகி, பத்தாகும் வரை பல ஆண்டுகள் இப்படியே ஓடின.

மைல் கல் படித்த சிறுவன்

1820-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி ஈசுவர சந்திரர் பிறந்தார். எட்டு வயதில் தந்தையோடு கல்கத்தாவுக்கு நடந்தே வந்தார். ஐம்பது மைலுக்கு மேற்பட்ட தூரம். சாலையோரத்தில் நட்டிருந்த கற்களை அம்மிக்கல் என்று நினைத்துச் சிறுவன் விசாரித்தான். அவை மைல் கற்கள் என்று தந்தை விளக்கினார். அடுத்தடுத்த கற்களைப் பார்த்துக்கொண்டே வந்து, கல்கத்தா சேர்வதற்குள் ஆங்கில எண்கள் அத்தனையும் கற்றுக்கொண்டுவிட்டான். இந்தக் கதை வங்காளத்துக் குழந்தைகளுக்கு மனப்பாடம்.

1829-ல் சமஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்தார். தந்தைக்கும், பின்னால் வந்த தம்பிகளுக்கும் சமைத்துப் போடுவது, பாத்திரம் துலக்குவது, கடைக்குப் போவது எல்லாம் அவர் வேலை. நன்றாகப் படித்ததால் உதவித்தொகை கிடைத்தது. 1839-ல் வித்யாசாகர் என்ற பட்டம் வந்தது. 1841 டிசம்பரில் படிப்பு முடிந்த கையோடு, இங்கிலாந்திலிருந்து வரும் அதிகாரிகளுக்கு நாட்டு மொழி கற்றுக்கொடுத்த வில்லியம் கோட்டைக் கல்லூரியில் தலைமைப் பண்டிதர் வேலையும் கிடைத்தது. சம்பளம் ஐம்பது ரூபாய்.

ஐம்பது ரூபாய் எப்படிப் பிரிந்தது?

முதல் காரியமாகத் தந்தையை வேலையிலிருந்து நிறுத்தினார். உழைத்தது போதும், ஊரில் போய் இருங்கள் என்று வற்புறுத்தி அனுப்பிவைத்தார். மாதம் இருபது ரூபாய் ஊருக்கு. மீதி முப்பது ரூபாயில் கல்கத்தாக் குடித்தனம். தம்பிகள், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், படிக்க வந்த உறவுக்காரப் பையன்கள் என்று அந்த வீட்டில் ஒன்பது பேர் அளவில் எப்போதும் உண்டு. முறை வைத்துச் சமைப்பார்கள். பண்டிதருக்கும் முறை உண்டு.

இந்த முப்பதிலும் பிறர் பங்கு ஒன்று இருந்தது. சம்பளம் கட்ட முடியாத மாணவன் வந்தால் அவனுக்கு ஒரு ரூபாய், புத்தகம் இல்லாதவனுக்குப் புத்தகம். பணம் இல்லாதபோது உடம்பால் செய்தார். வாந்திபேதி கண்டவர் அருகே உறவினரே நெருங்கப் பயந்த காலத்தில், நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து துடைத்துக் கழுவி மருந்து கொடுப்பார்.

இந்த நாட்களில் நடந்த ஒரு காரியம் பெரிய நன்கொடைகளைவிட உயர்ந்தது. சமஸ்கிருதக் கல்லூரியில் இலக்கணப் பேராசிரியர் பதவி காலியானது. சம்பளம் தொண்ணூறு ரூபாய். அந்த இடத்தை வித்யாசாகருக்குத் தர மேலிடம் தயாராக இருந்தது. ஐம்பது வாங்குகிறவருக்குத் தொண்ணூறு என்றால் லேசா? ஆனால் தம்மைவிட அந்த வேலைக்குத் தகுதியானவர் தாராநாத் தர்க்கவாசஸ்பதி என்று அவருக்குத் தெரியும். தாராநாத் இருந்தது கால்னாவில். ஐம்பது மைல் அளவு தூரம். கடிதம் போட்டுப் பதில் வருவதற்குள் காலம் கடந்துவிடும். வித்யாசாகர் நடந்தே கால்னா போனார். விண்ணப்பத்தையும் சான்றுகளையும் வாங்கிக்கொண்டு திரும்பி, தொண்ணூறு ரூபாய் வேலையைத் தாராநாத்துக்கு முடித்துவைத்தார். தாம் பழைய ஐம்பதிலேயே இருந்தார்.

பிறகு சமஸ்கிருதக் கல்லூரியில் உதவிக் காரியதரிசியானார். மேலதிகாரியோடு ஒத்துவராமல் 1847-ல் ராஜினாமாக் கொடுத்தார். இனிமேல் சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்று ஊர் பேசியது. உருளைக்கிழங்கும் புடலங்காயும் விற்றுப் பிழைத்துக்கொள்வதாகப் பதில் சொல்லிவிட்டார். காய்கறி விற்க நேரவில்லை. நண்பர் மதனமோகன் தர்க்காலங்காருடன் சேர்ந்து, 600 ரூபாய் கடன் வாங்கி ஓர் அச்சுக்கூடம் போட்டார். முதலில் அச்சிட்ட நூலில் நூறு பிரதிகளை வில்லியம் கோட்டைக் கல்லூரி 600 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்ள, கடன் அடைந்தது.

கை நிறைந்தது, கடனும் வந்தது

1851-ல் சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வரானார். சம்பளம் நூற்றைம்பது, முந்நூறு என்று ஏறியது. 1855-ல் பள்ளி ஆய்வாளர் வேலையும் சேர்ந்து ஐந்நூறு ரூபாய் ஆயிற்று. அதே ஆண்டு அவர் எழுதிய வங்காள அரிச்சுவடி, வர்ண பரிசயம், வெளியானது. தலைமுறை தலைமுறையாக வங்காளக் குழந்தைகள் எழுத்துக் கற்றது அதில்தான். பாடப்புத்தக விற்பனையில் மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் வந்தது.

வேறு ஒருவராக இருந்தால் கோச்சு வண்டி, பங்களா என்று போயிருப்பார். வித்யாசாகர் அதே முரட்டு வேட்டி, அதே மேல்துண்டு, அதே செருப்பு. செலவுக் கணக்கில் பெருத்தது ஒரே பகுதி, பிறர் பகுதி.

இதில் தாயார் பகவதி தேவிக்குப் பெரும் பங்கு உண்டு. வீட்டுக்கென்று மகன் வாங்கி அனுப்பிய ரஜாய்களை, குளிரில் நடுங்கிய அக்கம்பக்கத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, இன்னும் சில அனுப்பு என்று சொல்லியனுப்பியவர் அவர். ஆண்டுக்கு ஒரு நாள் ஆடம்பரமாகப் பூஜை செய்யலாமா, அந்தப் பணத்தில் ஆண்டு முழுவதும் ஊர் ஏழைகளுக்கு உதவலாமா என்று மகன் கேட்டபோது, யோசிக்காமல் ஏழைகள் பக்கம் பேசினார். 1853-ல் பீர்சிங்காவில் இலவசப் பள்ளி திறக்கப்பட்டது. மருந்தகமும் வந்தது.

பிறகுதான் சோதனை. வித்யாசாகர் இரவு பகலாகச் சாத்திரங்களைப் புரட்டி ஆதாரம் காட்டி வாதாடியதன் பயனாக, 1856 ஜூலை 26-ல் விதவை மறுமணச் சட்டம் வந்தது. சட்டம் காகிதத்தில் இருந்தால் போதுமா? கல்யாணம் நடக்க வேண்டுமே. அந்த ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி முதல் திருமணம் நடந்தது. அதன்பின் ஒவ்வொரு கல்யாணச் செலவும் அவர் தலையில் விழுந்தது. நகை, துணி, விருந்து, ஊர் ஒதுக்கிவைத்த தம்பதிகளுக்குக் குடித்தனச் செலவு. 1867 வரை அறுபது மறுமணங்கள். செலவு 82,000 ரூபாய்.

மாதாமாதம் இவ்வளவு தருகிறோம் என்று கையெழுத்துப் போட்ட பெரிய மனிதர்கள் ஏராளம். ஆரம்ப வேகம் அடங்கியதும் ஒவ்வொருவராக நழுவினார்கள். அவர்கள் சொல்லை நம்பிக் கடன் வாங்கிக் கல்யாணம் நடத்தியவர் கடன்காரராக நின்றார். பணத்துக்காக மறுமணம் செய்துகொண்டு, பிறகு மனைவியைக் கைவிட்ட பேர்வழிகளும் உண்டு. வித்யாசாகரிடம் எச்சரிக்கை போதவில்லை என்று அன்றே நண்பர்கள் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. தம் கைக்காசைப் பங்கிட்டபோது ஒரு முறைகூடத் தவறாத கணக்கு, பிறர் தருவதாகச் சொன்ன காசை நம்பியபோதுதான் தவறியது.

பெண்கள் பள்ளியிலும் இதே கதை. சர்க்கார் பணம் வரும் என்று நம்பி, 1857 நவம்பர் முதல் 1858 மே வரை கிராமங்களில் 35 பெண்கள் பள்ளிகளைத் திறந்தார். சர்க்கார் பின்வாங்கியது. ஆசிரியர் சம்பளப் பாக்கி மட்டும் மூவாயிரத்து நானூறு ரூபாய்க்கு மேல். வாதாடி அந்தப் பாக்கியை மட்டும் வாங்கினார். பள்ளிகளைத் தொடர்ந்து நடத்த, தெரிந்தவர்களிடம் சந்தா சேர்த்து ஒரு நிதி தொடங்கினார். 1858-லேயே ஐந்நூறு ரூபாய் வேலையையும் உதறினார்.

1864-ல் வேறொரு கடிதம் வந்தது. கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர் பிரான்சில் மனைவி மக்களோடு பட்டினி. ஊரில் பணம் அனுப்ப வேண்டியவர்கள் அனுப்பவில்லை. சிறைக்குப் போகும் நிலை. வித்யாசாகர் உடனே 1,500 ரூபாய் அனுப்பினார். பிறகும் தம் பொறுப்பில் கடன் வாங்கி அனுப்பினார். அந்தக் கடன்கள் கடைசியில் அவரையே நெருக்கின.

கடன் தொல்லையைக் கேள்விப்பட்ட அன்பர்கள், அவருக்காகப் பொது நிதி திரட்டலாம் என்று 1867-ல் பத்திரிகையில் பேச்செடுத்தார்கள். வித்யாசாகர் மறுத்துக் கடிதம் எழுதிவிட்டார். தம் கடன் தம்முடையது, அதை ஊர் அடைக்கக்கூடாது என்பது அவர் கட்சி. 1869-ல் அச்சுக்கூடத்தில் மூன்றில் இரண்டு பங்கை 8,000 ரூபாய்க்கு விற்றுக் கடனுக்குக் கொடுத்தார். மீதியைப் புத்தக வருமானத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்தார்.

எண்ணெய் கேட்ட தலைகள்

கழுத்தளவு கடன் இருந்த அதே 1866-ல் பஞ்சம் வந்தது. ஒரிசாவில் லட்சக்கணக்கில் மடிந்தார்கள். மேதினிப்பூர்ப் பக்கமும் தப்பவில்லை. வித்யாசாகர் பீர்சிங்காவில் கஞ்சித் தொட்டி திறந்தார். அரிசியும் பருப்பும் சேர்த்த கிச்சடி, மாதக் கணக்கில், வந்தவர்க்கெல்லாம். அரசாங்கத்துக்கு எழுதி வேறு ஊர்களிலும் திறக்கச் செய்தார். கல்கத்தாவிலிருந்து அடிக்கடி போய்த் தாமே பரிமாறினார்.

வரிசையில் நின்ற பெண்களின் தலைமுடி எண்ணெய் காணாமல் சடையாகிக் கிடந்ததைக் கவனித்தார். ஆளுக்குக் கொஞ்சம் எண்ணெய் கொடுக்க உத்தரவிட்டார். தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்களைத் தொட்டுவிடுவோமோ என்று பயந்த பணியாட்கள் எட்ட நின்று ஊற்றினார்கள். பிராமணப் பண்டிதரான வித்யாசாகர் எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கி, அந்தப் பெண்களின் தலையில் தம் கையால் தேய்த்துவிட்டார். ஒரு கை எண்ணெய்க்கு என்ன காசு ஆகிவிடும்? அந்தக் காலத்தில் அதற்கு எத்தனை துணிச்சல் வேண்டும் என்பதுதான் கேள்வி. 1869-ல் பர்த்வானில் மலேரியாக் காய்ச்சல் பரவியபோதும் அங்கேயே தங்கி மருந்தும் துணியும் கொடுத்தார். அதில் சாதி மதம் பார்க்கவில்லை.

குமாஸ்தாக்களுக்கு ஒரு நிதி

சம்பாதிக்கிறவன் கண்ணை மூடினால் அவன் மனைவி மக்கள் கதி என்ன? உதவி கேட்டுத் தம் வாசலுக்கு வந்தவர்களில் குமாஸ்தா குடும்பத்து விதவைகள் எத்தனை பேர் என்று வித்யாசாகருக்குத் தெரியும். வெள்ளைக்கார இன்சூரன்ஸ் கம்பெனிகள் இந்தியர்களிடம் கூடுதல் பிரீமியம் வசூலித்த காலம் அது. நண்பர்களோடு சேர்ந்து 1872 ஜூனில் இந்துக் குடும்ப உபகாரச் சம்பள நிதி ஒன்றை ஏற்படுத்தினார். சந்தாதாரர் மாதந்தோறும் ஒரு சிறு தொகை கட்டுவார். அவர் மறைந்தபின் குடும்பத்துக்கு மாதந்தோறும் பணம் வரும். பிச்சை வாங்கினோம் என்ற குறுகல் இல்லை. அவரவர் உழைத்துக் கட்டிய காசு.

நிதி வளர்ந்தது. ஆனால் நிர்வாகம் போகிற போக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. ஏழைகள் கட்டும் காசுக்குப் பதில் சொல்ல முடியாத இடத்தில் தம் பெயர் இருக்கக்கூடாது என்று 1876-ல் விலகிக்கொண்டார். அவர் இல்லாமலும் அது நடந்தது.

1875-ல் உயில் எழுதினார். அதைப் படிப்பவர்களுக்கு ஒரு குமாஸ்தாவின் சம்பளப் பட்டியல் போலத் தோன்றும். நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள். உறவினர் உண்டு, உறவே இல்லாதவர்களும் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மாதம் இத்தனை ரூபாய் என்று தொகை. அப்புறம் பீர்சிங்காப் பள்ளி, மருந்தகம், ஊர் ஏழைகள், விதவை மறுமணம். தம் ஆயுளில் மாதாமாதம் கொடுத்து வந்தது, தமக்குப் பின்னும் நிற்காமல் போக வேண்டும் என்று கட்டி வைத்தார். 1870-ல் ஒரு விதவையை மணந்து தந்தையைப் பெருமைப்படுத்திய ஒரே மகன், பின்னால் நடந்துகொண்ட விதத்தால் சொத்தில்லாமல் போனான்.

கர்மாடாரில்

ஊரோடும் வீட்டோடும் கசப்பு முற்றிவிட்டது. மறுமணம் ஒன்றைப் பற்றிய தகராறில் 1869-ல் பீர்சிங்காவை விட்டுப் போனவர் திரும்பவேயில்லை. மாதப் பணம் மட்டும் தவறாமல் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. 1866 டிசம்பரில் குதிரை வண்டி கவிழ்ந்து பட்ட அடியால் உடம்பும் கெட்டிருந்தது. ஓய்வுக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம், இப்போது ஜார்க்கண்டில் உள்ள கர்மாடார். சந்தால் பழங்குடி மக்கள் வாழும் பூமி. ஒரு வீடு கட்டிக்கொண்டு, ஹோமியோபதி மருந்துப் பெட்டியோடு குடிசை குடிசையாகப் போனார்.

1878-ல் அங்கே போயிருந்த அறிஞர் ஹரபிரசாத் சாஸ்திரி, தாம் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். விடிந்ததும் ஒரு சந்தால் ஐந்தாறு மக்காச்சோளக் கதிர்களோடு வருவார். பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கக் காசு வேண்டும் என்பார். வித்யாசாகர் பேரம் பேசாமல், கேட்ட காசைக் கொடுத்துக் கதிரை வாங்கி அலமாரியில் வைப்பார். அடுத்து ஒருவர், அதற்கடுத்து ஒருவர். கதிரின் விலை என்னவோ அற்பம், அவர்கள் கேட்கிற விலைதான் விலை. கொஞ்ச நேரத்தில் அலமாரிகள் நிரம்பிவிடும். இத்தனை சோளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார் என்று சாஸ்திரிக்கு வியப்பு.

பிற்பகலில் வேறொரு கூட்டம் வந்தது. பசிக்கிறது, சாப்பிட ஏதாவது கொடு என்று உரிமையோடு கேட்டது. காலையில் வாங்கிய கதிர்களை வித்யாசாகர் எடுத்து எடுத்துக் கொடுத்தார். அவர்கள் சருகு கூட்டித் தீ மூட்டி, அங்கேயே சுட்டுத் தின்றார்கள். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்தவனுக்குக் காசு, பசித்தவனுக்குக் கதிர். இடையில் நடந்த வியாபாரத்தில் வித்யாசாகருக்கு நஷ்டம் மட்டும்தான். மறுநாள் அலமாரி மறுபடி நிரம்பும்.

1891-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி கல்கத்தாவில் காலமானார். கர்மாடார் ரயில் நிலையத்துக்கு இப்போது அவர் பெயர். ஹௌராவிலிருந்து பாட்னா போகும் பெரிய பாதையில், பலகையில் வித்யாசாகர் என்று எழுதியிருக்கிறது.